யூங்கியன் அனலிசிஸ் ரிவ்யூ: செல்ஃப், முழுமைன்னு சொல்றாங்களே, உள்ள போனா என்ன நடக்குது?

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யூங் (1875–1961) போட்ட பாதையில வர்ற தெரபிக்குத்தான் யூங்கியன் அனலிசிஸ்னு பேரு. வீடியோ கால்ல வாரம் ஒரு செஷன்னு இதை ரொம்ப நாளா எடுத்துட்டிருந்து இப்பதான் முடிச்சிருக்கேன். தமிழ்ல தேடினா தியரி விளக்கம் கிடைக்குது, ஷேடோ (நாம ஏத்துக்காம உள்ள தள்ளின பக்கம்) பத்தி ரீல்ஸ் நிறைய கிடைக்குது, ஆனா காசு குடுத்து உக்காந்து பாத்தவங்க என்ன சொல்றாங்கன்னு நான் தேடினப்போ ஒண்ணும் சிக்கல, அதான் எழுதறேன். அனலிஸ்ட் பேரு, அவங்க எந்த இடம், எதுவும் போடமாட்டேன், அங்க பேசினதெல்லாம் ரெண்டு பேருக்கும் அந்தரங்கம். இந்த சர்வீஸ் எப்படி, யாருக்கு உதவும், எங்க இடிக்குது, அவ்வளவுதான். நீளமா போகும், பொறுமையா படிங்க.

தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். பேனிக் அட்டாக், தூக்கமின்மை, ஒரு குறிப்பிட்ட பயம், இதெல்லாம் சீக்கிரம் அடங்கணும்னு தேடறவங்களுக்கு நான் இதை சொல்லமாட்டேன், அதுக்கு சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தப் பழக்கற தெரபி) மாதிரி முறைகளுக்குத்தான் ஆராய்ச்சி ஆதாரம் ரொம்ப அதிகம், அங்க போங்க. ஆனா வெளில எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது, யார்கிட்டயும் புகார் சொல்ல ஒண்ணும் இல்ல, இருந்தும் இந்த வாழ்க்கையை வாழறது நானா, இல்ல என்னைப் பத்தி மத்தவங்க வச்சிருக்கற பிம்பமான்னு உள்ள ஒரு அரிப்பு இருந்துட்டே இருக்குன்னா, எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு ஆழத்துக்கு கூட்டிட்டுப் போற வேற சர்வீஸ் இல்ல. யூங் தன்கிட்ட வந்தவங்களைப் பத்தி எழுதும்போது, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பேருக்கு பேர் வைக்கற மாதிரி நோயே இல்ல, வாழ்க்கைல அர்த்தமும் திசையும் இல்லங்கறதுதான் அவங்க கஷ்டம்னு சொல்றார், அதே இடத்துல மூணுல ரெண்டு பங்கு பேர் நடுவயசைத் தாண்டினவங்கன்னும் சொல்றார். இந்த சர்வீஸ் யாருக்காக உருவாச்சுன்னு இதுலயே தெரிஞ்சிடும்.

செஷன் எப்படி போகும்னு கேட்டா, ஐம்பது நிமிஷம், எதிர் எதிர்ல முகம் பாத்துப் பேசறது. சைக்கோஅனலிசிஸை ஆரம்பிச்ச ஃப்ராய்டு முறைல படுக்கையில படுத்துட்டு பேசணும், அனலிஸ்ட் கண்ணுக்குத் தெரியாம பின்னாடி இருப்பார், யூங் அதை விட்டுட்டு ரெண்டு நாற்காலி போட்டு நேருக்கு நேர் உக்காந்தார், அதனால வீடியோ கால் இதுக்கு அவ்வளவு அந்நியமா தெரியல. முதல் செஷன்ல என் பிரச்சனையை முழுசா கேட்டுட்டு கடைசில "சமீபத்துல என்ன கனவு வந்துச்சு?"ன்னாங்க. எனக்கு கனவே வராதுன்னு சொன்னேன். தலைமாட்டுல நோட்டும் பேனாவும் வைங்க, எழுந்த உடனே ஃபோனைத் தொடாம எது ஞாபகம் இருக்கோ எழுதுங்க, கனவு இல்லன்னா எந்த மனநிலையில எழுந்தீங்கன்னு எழுதுங்கன்னாங்க. கொஞ்ச நாள்லயே வர ஆரம்பிச்சிடுச்சு, பக்கம் பக்கமா.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா இப்ப கனவுக்கு அர்த்தம் சொல்ற ஆப்ஸ் நிறைய வந்திருக்கு, பாம்பு வந்தா இது, தண்ணி வந்தா அதுன்னு உடனே எடுத்துக் குடுக்கும். அனலிசிஸ்ல அந்த வேலையே கிடையாது. என் கனவுல ஒரு நாய் வந்துச்சுன்னா முதல் கேள்வி எனக்கு நாய்ன்னா என்ன, சின்ன வயசுல நாய் கடிச்சிருக்கா, நாய் வளத்தேனா, அந்தக் கனவு நாய் எந்த வீட்டு நாய் மாதிரி இருந்துச்சு. அதெல்லாம் தீந்த பிறகுதான் புராணத்துல, கதைகள்ல, மத்த நாட்டு மரபுகள்ல நாய் எப்படி வருதுன்னு விரிச்சுப் பாப்பாங்க, இதுக்கு ஆம்ப்ளிஃபிகேஷன்னு பேரு. அதுவும் தனிக் கனவை வச்சு எதையும் முடிவு பண்ணமாட்டாங்க, தொடர்ச்சியா வர்ற கனவுகளை வரிசையா வச்சுத்தான் பாப்பாங்க. யூங் கருத்துப்படி கனவு பெரும்பாலும் ஈடுகட்டற வேலை செய்யுது, நனவு மனசு ஒரு பக்கமா சாயும்போது விட்டுப்போன பக்கத்தை ராத்திரி எடுத்துட்டு வந்து முன்னாடி வைக்குது. தியரியா கேக்கும்போது அழகாத்தான் இருக்கும், நம்ம கனவுல நடக்கும்போது அவ்வளவு அழகா இருக்காது.

என் விஷயத்துல நான்தான் எல்லா இடத்துலயும் பொறுப்பான ஆள். வீட்டுல, ஆபீஸ்ல, ஃப்ரெண்ட்ஸ் மத்தியில, எதுவா இருந்தாலும் என்கிட்டதான் வரும், நானும் மறுக்கமாட்டேன், கோபம் வராது, வந்தாலும் காட்டமாட்டேன். ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார், எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது, லீவு வேணும்னா கூச்சமே இல்லாம எடுப்பார், சம்பளம் பத்தலன்னா மீட்டிங்லயே சத்தமா கேப்பார், மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு யோசிக்கவே மாட்டார். ஒரு கனவுல அந்த ஆள் என் வீட்டுக்குள்ள, என் நாற்காலில, என் சட்டையைப் போட்டுட்டு சாஞ்சு உக்காந்திருக்கார், நான் ஓடி ஓடி அவருக்கு பரிமாறிட்டிருக்கேன். அருவருப்போட எழுந்தேன், செஷன்ல அதை சொல்லும்போதுகூட அந்த ஆளைப் பத்தின புகாரைத்தான் அடுக்கிட்டிருந்தேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அந்த சட்டை அவருக்கு அளவா இருந்துச்சா?"

நான் கொஞ்ச நேரம் பேசல. அளவாத்தான் இருந்துச்சு, என்னைவிட அவருக்கு நல்லா இருந்துச்சு.

ஷேடோன்னு ஆயிரம் இடத்துல படிக்கலாம், நாம ஏத்துக்காம ஒதுக்கித் தள்ளின குணங்கள் எல்லாம் சேந்து ஒரு ஆளா உள்ள உக்காந்திருக்கும், அதை வெளில யார்மேலயாவது ஏத்திப் பாத்துட்டு அவங்களை வெறுப்போம்னு. படிச்சா தலை ஆட்டுவோம், அவ்வளவுதான். அந்த சட்டைக் கேள்விக்கு அப்பறம்தான் எனக்கு உடம்புல இறங்குச்சு, எனக்கு வேண்டிய ஒரு துண்டை அந்த மனுஷன் சுமந்துட்டிருந்தார்னு, வேணும்னு வாய் திறந்து கேக்கற துண்டு அது. ஷேடோன்னா கெட்டது மட்டும்னு ஒரு நினைப்பு பரவலா இருக்கு, ஆனா நல்ல பிள்ளையா வளந்தவங்க உள்ள தள்ளினதுல நிறைய உயிர்ச்சக்தியும் சேந்து போயிருக்கும், யூங்கும் இதை சொல்லியிருக்கார். இந்த சர்வீஸோட முழுக் காசும் எனக்கு இந்த ஒரு கேள்விக்கே சரியாப் போச்சுன்னு சொன்னா மிகை இல்ல.

அதுக்கப்பறம் வாழ்க்கை இனிமையா மாறிடுச்சுன்னு எழுதமாட்டேன், ஏன்னா மாறல, கொஞ்ச காலத்துக்கு மோசமாச்சு. முடியாதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன், அதுவும் தேவைக்கு மேல கடுமையா, வீட்டுல உள்ளவங்க முகம் சுளிச்சாங்க, தெரபி போய் இப்படி ஆயிட்டியான்னு கேட்டாங்க. அமுக்கி வச்சது முதல்ல வெளிவரும்போது பக்குவமா வராதுன்னு அனலிஸ்ட் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. யூங்கோட சிந்தனைல முக்கியமான ஒண்ணு, ஒரு பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்துக்கு தாவறது தீர்வே இல்ல, ரெண்டையும் ஒரே நேரத்துல தாங்கிட்டு அந்த இழுபறியில நிக்கணும், நின்னா ரெண்டுலயும் சேராத மூணாவது ஒண்ணு உள்ளேருந்து வரும். 1916லயே இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதி வச்சிட்டார், டிரான்சென்டன்ட் ஃபங்ஷன்னு பேரு, அச்சுல வந்தது நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு. அந்த நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும், நல்ல அனலிஸ்ட் அந்த நேரத்துல எந்தப் பக்கமும் தள்ளாம கூட இருப்பாங்க, எனக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சாங்க.

சரி, இப்ப செல்ஃப். தலைப்புல போட்டுட்டு இவ்வளவு தூரம் வரலியேன்னு தோணலாம், அனலிசிஸ்லயும் அது அப்படித்தான் லேட்டா வந்துச்சு.

யூங் படம் வரைஞ்சா இப்படி இருக்கும்: நாம நான்னு சொல்றது ஈகோ, அது நனவு மனசுக்கு மட்டும்தான் மையம். நனவு, நனவிலி (நமக்கே தெரியாம உள்ள ஓடற மனசு) ரெண்டையும் சேத்த மொத்தத்துக்கு வேற ஒரு மையம் இருக்கு, அதைத்தான் செல்ஃப்ங்கறார். அந்த செல்ஃப் மையம் மட்டும் கிடையாது, மொத்த வட்டமும் அதுதான்னும் சேத்து சொல்றார், தர்க்கத்துக்கு இடிக்குதுன்னு அவருக்கே தெரியும், இருந்தும் விடல. பூமி சூரியனைச் சுத்தற மாதிரி ஈகோ செல்ஃபைச் சுத்துதுங்கறது அவரே குடுத்த உவமை. இந்த மையத்தோட ஈகோவுக்கு ஒரு உறவு உண்டாகி, ஒதுக்கி வச்சதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கிட்டு, ஒரு ஆள் தனக்கே உரிய வடிவத்துக்கு வர்ற நீண்ட வேலைக்கு இண்டிவிஜுவேஷன்னு பேரு. முழுமைன்னு அவர் சொல்றது இந்தத் திசையைத்தான், ஒருநாள் போய் சேந்து கொடி நட்டுட்டு உக்காரற இடத்தை இல்ல. குறை இல்லாத ஆளா ஆகறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சொல்லப்போனா குறையே இருக்கக்கூடாதுன்னு நினைக்கறவங்கதான் பாதியை வெட்டி எறிஞ்சுட்டு நிப்பாங்க.

எனக்கு வந்த கனவு இது. நாலு பக்கமும் வாசல் இருக்கற ஒரு திறந்த முற்றம், நடுவுல ஒரு வயசான அம்மா தரையில உக்காந்து சட்டை பட்டன்களை நிறம் நிறமா பிரிச்சிட்டிருக்காங்க, குவியல் குவியலா பட்டன். நான் பக்கத்துல போய் நிக்கறேன், அவங்க நிமிந்து பாக்கவே இல்ல. வேலை அது பாட்டுக்கு நடக்குது. எனக்கு கோபம் கோபமா வருது, வந்து நிக்கறேன்ல, ஒரு வார்த்தை கேக்கக்கூடாதான்னு. அவ்வளவுதான் கனவு. நாலு பக்கம், நடு, வயசான பெண், யூங்கை கொஞ்சம் படிச்ச யாருக்கும் உடனே விளங்கும், எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், செல்ஃப் சின்னம் நம்ம கனவுலயே வந்துடுச்சுன்னு. அனலிஸ்ட் அந்தப் பக்கமே போகல. என் கோபத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க, உங்களைக் கவனிக்காததுல என்ன அவ்வளவு வலின்னு கேட்டு அதுலயே பல செஷன் போச்சு. என்னைச் சுத்தித்தான் எல்லாம் நடக்கணும், நான்தான் எல்லாரையும் தாங்கணும், நான் இல்லன்னா ஒண்ணும் ஓடாதுங்கற என்னோட மொத்த வாழ்க்கை அமைப்பும் அந்தக் கோபத்துல இருந்துச்சு. உள்ள ஒரு ஒழுங்கு வேலை நடந்துட்டிருக்கு, அது என்னைக் கேட்டு நடக்கல, என் உதவியும் அதுக்கு வேண்டியதில்ல. அந்த நினைப்பு முதல்ல அவமானமா இருந்துச்சு, அப்பறம் தோள்ல இருந்து ஒரு பாரத்தை யாரோ இறக்கி வச்ச மாதிரி ஆயிடுச்சு. செல்ஃப் பத்தி எத்தனை பக்கம் படிச்சாலும் இது வராது, இதை நான் உறுதியா சொல்வேன்.

யூங்குக்கும் இந்தக் கருத்து புத்தகத்துல இருந்து வரல. 1907ல ஃப்ராய்டை வியன்னாவுல முதல் தடவை சந்திச்சு மணிக்கணக்கா பேசினவர், 1913ல அந்த உறவு முறிஞ்சதும் ஆடிப்போயிட்டார், வருஷக்கணக்கா காட்சிகளும் கனவுகளும் துரத்துச்சு, அதையெல்லாம் எழுதி வரைஞ்சு வச்சார். முதல் உலகப்போரோட கடைசி வருஷங்கள்ல ராணுவப் பணியில இருந்தப்போ தினம் காலையில நோட்டுல ஒரு வட்டப்படம் வரைவார், அன்னைக்கு மனசு கலங்கியிருந்தா வட்டத்தோட சமச்சீர் குலைஞ்சிருக்கும். மெதுவாத்தான் அவருக்கு அது மண்டலம் (நடுவுல மையம் வச்சு வரையற வட்டச் சித்திரம்)னு, மொத்த மனசும் தன்னை வரைஞ்சு காட்டுதுன்னு புரிஞ்சுது. அப்பறம் 1927ல லிவர்பூல் கனவு. அந்த ஊருக்கு அவர் போனதில்ல. கனவுல இருட்டு, மழை, புகைக்கரி படிஞ்ச தெருக்கள், நடுவுல வட்டமா ஒரு குளம், குளத்துக்கு நடுவுல சின்னத் தீவு, அந்தத் தீவு மட்டும் வெளிச்சத்துல ஜொலிக்குது, அதுல ஒரே ஒரு மக்னோலியா மரம் சிவப்பா பூத்து நிக்குது, வெளிச்சம் மரத்துமேல படுதா, மரமே வெளிச்சமான்னு தெரியல. கூட வந்தவங்க மரத்தையே பாக்கல, மழையைத் திட்டிட்டிருந்தாங்க. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அந்த ஊர் கடைசி வரைக்கும் அழுக்காத்தான் இருக்கு, மழை நிக்கல, மரம் அதுக்கு நடுவுலதான் பூத்திருக்கு. எல்லாம் சுத்தமான பிறகு கிடைக்கற ஒண்ணா அவருக்கும் அது காட்டப்படல.

இந்த அனலிசிஸுக்கு முன்னாடி ஒரு ஆன்லைன் ஒர்க்‌ஷாப் போயிருந்தேன், உங்க உண்மையான செல்ஃபைக் கண்டுபிடிங்கன்னு விளம்பரம் பண்ணவங்க, பேர் வேண்டாம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் பெருசு. அங்க எல்லாரையும் வட்டம் வரையச் சொன்னாங்க, வரைஞ்சதும் இதுதான் உங்க முழுமைன்னு கைதட்டினாங்க, நீங்க ஏற்கெனவே முழுமையானவங்க, உங்களுக்குள்ள எல்லா சக்தியும் இருக்குன்னு திரும்பத் திரும்ப சொல்ல வச்சாங்க. வெளில வரும்போது மிதந்துட்டு வந்தோம், ரெண்டு மூணு வாரத்துல இறங்கிடுச்சு. யூங்கியன் கணக்குல இது ஆபத்தான இடம், இன்ஃப்ளேஷன்னு சொல்வாங்க, ஈகோ தானே செல்ஃப்னு நினைச்சுட்டு ஊதிப் போறது. பெரிய மையத்தோட உறவு வைக்கறது வேற, நான்தான் அந்த மையம்னு நினைக்கறது வேற, ரெண்டாவதுல போனவங்க குருவா மாறி மத்தவங்களை நாசம் பண்ணதும் உண்டு, விழுந்து நொறுங்கினதும் உண்டு. இதுக்கு நேரெதிரா, ஈகோ அந்தத் தொடர்பே இல்லாம வறண்டு போறதும் இருக்கு. யூங் வழில வந்த அனலிஸ்ட்கள் எரிக் நாய்மன், எட்வர்ட் எடிங்கர் ரெண்டு பேரும் ஈகோ செல்ஃப் அச்சுன்னு (ரெண்டையும் இணைக்கற கோடு) பேசினது இந்த உறவைத்தான், எடிங்கர் 1972ல இதை விரிவா எழுதி, ஊதிப் போறதும் வறண்டு போறதும் மாறி மாறி வந்துதான் ஒரு ஆள் முதிர்றான்னு காட்டினார். என் அனலிஸ்ட் நான் மிதக்க ஆரம்பிச்சப்போ எல்லாம் அமைதியா தரைக்கு இழுத்தாங்க, வறண்டப்போ அவசரப்படாம காத்திருந்தாங்க. ஒரு அனலிஸ்ட் நல்லவரான்னு பாக்க நான் வச்சிருக்கற அளவுகோல் இதுதான்.

தமிழ்ல படிக்கற நமக்கு உடனே ஒரு கேள்வி வரும், இது ஆத்மா தானே, நமக்குத் தெரிஞ்சது தானேன்னு. உபநிடதங்கள்ல இருந்து யூங் எடுத்துக்கிட்டது உண்டு, அவரே ஒப்புக்கறார். ஆனா ஒரு இடத்துல பாதை பிரியுது. அத்வைதத்துல நான்ங்கற எண்ணம் கரைஞ்சு போகணும், யூங்குக்கு ஈகோ கரையக்கூடாது, கரைஞ்சா செல்ஃபைப் பாக்க, அதோட பேச, அது கேக்கறதுக்கு பதில் சொல்ல ஆளே இருக்காது, அது அவருக்கு முழுமை கிடையாது, மனநோய்க்குப் பக்கத்துல இருக்கற இடம். 1937 கடைசியில இந்தியா வந்து 1938 ஆரம்பம் வரைக்கும் சுத்தினவர், மகான்களைப் பாக்கறதை வேணும்னே தவிர்த்தார், ரமணரையும் போய்ப் பாக்கல. ஆனா 1944ல இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் ஜிம்மர் ரமணரைப் பத்தி எழுதினது புத்தகமா வந்தப்போ முன்னுரை எழுதினது யூங்தான். போகாததுக்கு அவர் சொன்ன காரணங்கள் எனக்கு முழு திருப்தி தரல, பயந்திருக்கலாம்னே தோணுது. இருந்தாலும் ஈகோ உறுதியா இருக்கணும்னு அவர் பிடிச்ச பிடிவாதம் தெரபிக்கு சரின்னுதான் நினைக்கறேன், சொந்தக் காலே ஊணாதவங்ககிட்ட நானை விடுன்னு சொன்னா அவங்க விடறது வேற எதையோ. என் அனலிஸ்ட்கிட்ட இதைக் கேட்டேன், அவங்க ஆன்மிகம் எதையும் குறைச்சுப் பேசல, இங்க நாம செய்யற வேலை இதுன்னு எல்லையை மட்டும் தெளிவா வச்சாங்க, அந்த நேர்மை பிடிச்சுது.

யூங்கியன்னு போர்டு போட்டவங்க எல்லாரும் ஒரே மாதிரின்னு நினைச்சுடாதீங்க, புக் பண்றதுக்கு முன்னாடி இது தெரிஞ்சா நல்லது. லண்டன்ல மைக்கேல் ஃபோர்டம் குழந்தைகளோட வேலை செஞ்சவர், செல்ஃப் நடுவயசுல வர்ற சமாச்சாரம் இல்ல, பிறக்கும்போதே இருக்கு, குழந்தை உலகத்தோட உறவாடும்போது அது பிரிஞ்சு மறுபடி சேந்து வளருதுன்னார், அந்த வழில வந்தவங்க சின்ன வயசு அனுபவத்தையும் அனலிஸ்ட்டோட உண்டாகற உறவையும் ரொம்ப கவனிப்பாங்க. யூங் வழில வந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஹில்மேன் வேற பக்கம் போனார், எல்லாத்தையும் ஒரு மையத்துக்குள்ள கொண்டுவரணும்ங்கற ஆசையே ஒற்றைக் கடவுள் பழக்கம், மனசுல பல பேர் இருக்காங்க, பல பேராவே இருக்கட்டும்னார். ஹில்மேன் சொல்றதுல எனக்கு பாதி சம்மதம், ஒருமைங்கற பேர்ல மறுபடியும் சிலதை வெளில தள்ளற அபாயம் நிஜமாவே இருக்கு. யூங்கியன் வட்டத்துக்கு வெளில, ஃப்ராய்டு வழில வந்த சைக்கோஅனலிஸ்ட் ஹைன்ஸ் கோஹுட்டும் செல்ஃப்னு பேசறார், இன்னொரு சைக்கோஅனலிஸ்ட் வின்னிகாட் 1960ல உண்மை செல்ஃப், போலி செல்ஃப்னு எழுதினார், ஆனா அவங்க சொல்றது பெரும்பாலும் ஒரு ஆள் தன்னை உயிரோட, ஒட்டுமொத்தமா உணர்றதைப் பத்தி, யூங்கோட செல்ஃப் அளவுக்கு விரியறதில்ல. தெரபிஸ்ட் ப்ரொஃபைல்ல செல்ஃப்னு பாத்தா எந்த செல்ஃப்னு கேட்டுக்கோங்க.

இப்ப குறைகள். ரொம்ப மெதுவு, ரொம்பவே. மாசக்கணக்கா ஒண்ணுமே நகராத மாதிரி இருக்கும், முன்னேறிட்டிருக்கோமான்னு அளந்து பாக்க ஒரு வழியும் கிடையாது, கேட்டா உங்களுக்கு என்ன தோணுதுன்னு திருப்பிக் கேப்பாங்க, சில நாள் அது சரியான பதில், சில நாள் வெறும் எரிச்சல். வாரா வாரம் கட்டறது வருஷக்கணக்குல சேரும்போது பெரிய தொகை, இந்த ஆழம் வசதி உள்ளவங்களுக்கு மட்டும்னு ஆகறது எனக்கு உறுத்தலாவே இருக்கு. ஒரு தடவை வேலை விஷயமா நிஜமான நெருக்கடி, ரெண்டு நாள்ல முடிவு சொல்லணும், அப்பவும் செஷன் கனவுப் பக்கமே போச்சு, கனவு பொருத்தமாத்தான் இருந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சாலும் அன்னைக்கு எனக்கு வேண்டியது கூட உக்காந்து பிரச்சனையைப் பிரிச்சுப் பாக்கற ஒரு ஆள், அது கிடைக்கல. அனலிஸ்ட் வருஷத்துல ஒரு நீண்ட இடைவேளை எடுப்பாங்க, முன்கூட்டியே சொல்லிடுவாங்க, இருந்தாலும் ஏதோ திறந்து கிடக்கும்போது அந்த இடைவேளை வந்தா தவிப்புதான். வீடியோல உடம்பு மொழி பாதி தெரியாது, மௌனத்துல இருக்காங்களா நெட் போச்சான்னு குழம்பி நல்ல தருணங்கள் கெட்டுப் போனதும் உண்டு.

இன்னொண்ணு, யூங்கை மகானா வச்சு கும்பிடற கூட்டம் இந்த வட்டாரத்துல நிறைய. 1933ல நாஜி ஆட்சி வந்த நேரம் ஜெர்மனியை மையமா வச்ச உளமருத்துவ சங்கத்துக்கு தலைவரா இருக்க ஒத்துக்கிட்டவர், 1934ல யூத மனசு, ஆரிய மனசுன்னு பிரிச்சு எழுதினவர், ஆப்பிரிக்க மக்களைப் பத்தி அவர் எழுதின பலதைப் படிச்சா இன்னைக்கு கூசுது. ஷேடோவைக் கண்டு சொன்ன மனுஷனுக்கு தன்னோடது அங்க தெரியல, அது பல பேருக்கு வலியைக் குடுத்துச்சு. என் அனலிஸ்ட் இதை மறைக்கல, நான் எடுத்தப்போ நேராப் பேசினாங்க. இதைப் பத்திக் கேட்டதும் சமாளிக்கற ஆளா இருந்தா நான் தொடந்திருக்கமாட்டேன்.

யார் போகக்கூடாதுன்னும் சொல்லணும். சைக்கோசிஸ் இருந்தவங்க, இப்ப நிஜத்துக்கும் கற்பனைக்கும் கோடு மங்கலா இருக்கறவங்க, தற்கொலை எண்ணம் வர்றவங்க, முதல்ல மனநல மருத்துவரைப் பாருங்க, மருந்து எடுத்துட்டிருந்தா இதுக்காக நிறுத்தாதீங்க. ஆக்டிவ் இமாஜினேஷன்னு ஒரு பயிற்சி இருக்கு, விழிச்சிருக்கும்போதே உள்ள வர்ற உருவத்தோட பேசறது, எனக்கு அந்த பட்டன் அம்மாகிட்ட பேசிப் பாக்க அதுதான் வழியா இருந்துச்சு, பல முயற்சிக்கு அப்பறம் ஒரு தடவை ஒரு பட்டனை என் கைல குடுத்தாங்க, அதுக்கு மேல இங்க சொல்லமாட்டேன். ஆனா வீடியோ பாத்துட்டு தனியா இதை ஆரம்பிக்காதீங்க, பாதுகாப்பா வெளில கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்.

ஆளைத் தேடும்போது பாக்க வேண்டியது, சர்வதேச அளவுல 1955ல ஆரம்பிச்ச ஐஏஏபின்னு யூங்கியன் அனலிஸ்ட்களோட சங்கம் இருக்கு, அதுல உறுப்பினரான்னு சரிபாருங்க, ஜூரிக்ல 1948ல ஆரம்பிச்ச யூங் இன்ஸ்டிடியூட் மாதிரி பயிற்சி நிலையங்கள்ல வருஷக்கணக்கா படிச்சுட்டுத்தான் அனலிஸ்ட்னு பேர் போட முடியும். அதுல முக்கியமான பகுதி அவங்களே அனலிசிஸ்ல உக்காந்திருக்கணும்ங்கறது, இதை வலியுறுத்தினது யூங் இருந்த ஜூரிக் குழுதான்னு ஃப்ராய்டே 1912ல பாராட்டி எழுதியிருக்கார். யூங் புத்தகம் படிச்சுட்டு ஷேடோ கோச்னு போர்டு மாட்டினவங்களும் இவங்களும் ஒண்ணு இல்ல. முதல் பேச்சுலயே தயங்காம கேளுங்க: நீங்க எத்தனை வருஷம் அனலிசிஸ்ல இருந்தீங்க, கஷ்டமான கேஸைப் பத்திக் கலந்து பேச உங்களுக்கு மேல யாராவது இருக்காங்களா, லீவு எப்ப எடுப்பீங்க, நடுவுல எனக்கு அவசரம்னா யாரைக் கூப்பிடணும், நான் நிறுத்தணும்னு நினைச்சா எப்படி நிறுத்தலாம். கடைசிக் கேள்விக்கு அவங்க முகம் எப்படிப் போகுதுன்னு பாருங்க. என்னோட அனலிஸ்ட் அதுக்கு சிரிச்சுட்டு, முடிக்கணும்னு தோணினா சொல்லுங்க, முடிக்கறதுக்கும் சில செஷன் ஒதுக்கிப் பேசி முடிப்போம்னாங்க, சொன்ன மாதிரியே செஞ்சாங்க. 5க்கு 4 குடுக்கறேன், குறைச்ச ஒண்ணு அந்த நெருக்கடி வாரத்துக்கும் செலவுக்கும்.